பழைய ஜீப்பை இரும்புக்கடைக்குப் போடலாமா?

மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் சோழபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, ஜீப்பைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ராஜபாளையத்தில் இரும்புக்கடைக்காரர் விலை சொல்லியிருக்கிறார். ஆர்.சி. புதுப்பிக்கிற செலவைப் பார்த்தால் கட்டுபடியாகாது போலிருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அவருடைய தகப்பனார் வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 அது. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, கதவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஆனால் இன்னமும் ஓடுகிறது.

கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் விவசாயிகள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

நம் பகுதியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்கு மேற்கே மலை. அடிவாரத்தில் மாவும் தென்னையும். கிழக்கே போகப் போகக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஓடையில் தண்ணீர் இறங்கிவிடும். தோப்புக்குப் போகிற பாதை பாதி ஓடை மணல், பாதி உருண்டைக் கல். கரிசல் பக்கமோ, நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் மாட்டுவண்டியே அச்சுவரை இறங்கும். இந்த இரண்டு மண்ணிலும் ஆளையும் சாமானையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டிகள் சொற்பம். டிராக்டர் போகும், ஆனால் அவசரத்துக்கு டிராக்டரில் பிரசவ வேதனைக்காரியை ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஜீப்பில் போயிருக்கிறார்கள்.

உழவனுக்கென்று விற்ற வண்டி

ஜீப் என்றால் ராணுவ வண்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதிக் கதை. 1940ல் அமெரிக்க ராணுவம், சேறு, மேடு எதிலும் போகக்கூடிய லேசான வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது. மாதிரி வண்டியை 49 நாளில் தரவேண்டும் என்பது நிபந்தனை. அப்படிச் செய்துகொடுத்தது பேன்டம் என்ற ஒரு சின்னக் கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர்கள் போய்ச் சேர்ந்தது வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும். (இந்த மாதிரி விஷயங்களை நம் விவசாயிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.) யுத்தம் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் வண்டிகள் செய்து தள்ளின. 60 குதிரைத்திறன் பெட்ரோல் இஞ்சின், எடை ஏறக்குறைய 1,100 கிலோ.

யுத்தம் முடிகிற சமயத்தில் வில்லீஸ் கம்பெனிக்கு ஒரு கவலை வந்தது. இனி இந்த வண்டியை யார் வாங்குவார்கள்? அவர்கள் கண்டுபிடித்த ஆள் விவசாயிதான். 1945 ஜூலையில் சி.ஜே. 2ஏ என்ற மாடலைக் கொண்டுவந்தார்கள். கம்பெனித் தலைவர் சோரன்சனுக்கு மிச்சிகன் மாநிலத்தில் பண்ணை இருந்தது. பத்திரிகைக்காரர்களை அங்கே அழைத்துப் புது வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். பின்னால் கலப்பை மாட்டக் கொக்கி, மெஷின்களைச் சுற்ற பி.டி.ஓ. தண்டு எல்லாம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். நம் ஊரில் பி.டி.ஓ. என்றால் ஜீப்பில் வந்து இறங்குகிற யூனியன் அதிகாரி. அவர்களுக்கு ஜீப்பின் பின்னாலிருந்து ரம்பத்தையும் பம்பையும் சுற்றுகிற இரும்புத் தண்டு.

உழவில் அந்த வண்டி ஜெயிக்கவில்லை. காரணம் எளிது. ஏர் இழுக்கக் கனம் வேண்டும், பெரிய சக்கரம் வேண்டும், பயிருக்கு மேலே போக உயரம் வேண்டும். ஜீப்புக்கு மூன்றும் கிடையாது. 1951ல் பண்ணைக்கென்றே ஒரு ஜீப்பை விட்டுப் பார்த்தார்கள், அதுவும் அதிகம் விற்கவில்லை. உழவை டிராக்டரிடம் விட்டுவிட்டு ஜீப் வேறு வேலையைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் உள்ள மோசமான இரண்டு மைல்தான் அந்த வேலை. அதில் இன்றுவரை அதை மிஞ்ச ஆளில்லை.

நம் நாட்டுக்கு வந்தது எப்படி?

1945ல் இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பித்த கம்பெனி 'மஹிந்திரா அண்டு முகமது'. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் பங்காளிகள். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரியானார். 1948ல் கம்பெனி 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆயிற்று. வில்லீஸ் ஜீப்புகளைப் பகுதி பகுதியாக வரவழைத்து, பம்பாய் மஸகாவ் பட்டறையில் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். பிறகு 1950களில் உடன்படிக்கை செய்துகொண்டு இங்கேயே தயாரித்தார்கள். முகப்பு உயர்ந்து நிற்கும் சி.ஜே. 3பி மாடல்தான் நம் தலைமுறைக்குத் தெரிந்த ஜீப். அமெரிக்காவில் அதை 1968ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதே சாயல் அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது.

ஜீப்பைப் பற்றி ஒரு கெட்ட கதையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 1948ல், காஷ்மீர்ச் சண்டை நடந்த சமயம், லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்கு ஜீப் வாங்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155. பழைய வண்டிகள், உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று கூறப்பட்டது. பார்லிமெண்டில் பெரிய ரகளை ஆயிற்று. 1955 செப்டம்பரில் விஷயம் முடிந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. ஜீப்பின் பேரில் இதில் குற்றமில்லை. உலகமெல்லாம் யுத்தத்தில் பேர் வாங்கிய அதே வண்டிதான். ஆனால் கவனிப்பாரற்றுக் கிடந்த ஜீப்பை பேரைப் பார்த்து வாங்கினால் ராஜ்யமே ஏமாறும் என்பதற்கு இது அத்தாட்சி. செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கிராமத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது 1952 அக்டோபர் 2ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம். கிராம சேவக் சைக்கிளில் வருவார், பி.டி.ஓ. ஜீப்பில் வருவார். ஜீப் சத்தம் கேட்டால் நாங்கள் சிறுவர்கள் புழுதிக்குள் பின்னாலேயே ஓடுவோம். செய்தித் துறை ஜீப் வந்தால் அன்று இரவு சாவடி முன்னால் படம். தேர்தல் வந்தால் மைக் கட்டிய ஜீப். சொந்தத்தில் ஜீப் வைத்திருந்தவர்கள் அப்போது ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். காரணம் விலை மட்டும் அல்ல, பெட்ரோல் இஞ்சின் குடிக்கிற குடி.

1973ல் எண்ணெய் விலை ஏறியது. அதற்குப் பிறகுதான் ஜீப் உண்மையில் விவசாயி கைக்கு வந்தது. மஹிந்திரா கம்பெனியார் ஏற்கெனவே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு கூட்டாக பி-275 டிராக்டர் செய்துகொண்டிருந்தார்கள். 1970களின் நடுவில் அந்த டிராக்டரின் டீசல் இஞ்சினையே ஜீப்பில் வைத்துவிட்டார்கள். சத்தம் அதிகம், ஆட்டம் அதிகம், வேகம் கிடையாது. ஆனால் டிராக்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பட்டறைக்காரர் எல்லோரும் மறுநாளே ஜீப் மெக்கானிக் ஆகிவிட்டார்கள்! பின்னால் பிரெஞ்சுக்காரர்களின் பியூஜோ டீசல் இஞ்சின் வந்தது. நண்பரின் எம்.எம். 540ல் இருப்பது அதுதான். சற்று மென்மையான இஞ்சின், சூடு ஆகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெட்டுப்போகாத வண்டியா?

ஜீப் கெட்டே போகாது என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. நான் 27 வருஷமாக ஜீப் வைத்திருக்கிறேன், அந்தப் பேச்சை நம்ப மாட்டேன். ஜீப் கெட்டுப்போகும். ஸ்டியரிங்கில் ஆட்டம் விழும், பட்டை முறியும், எங்காவது ஒரு சீல் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் கெட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். நாலைந்து ஸ்பானர், ஒரு சுத்தியல், ஒரு ஜாக்கி இருந்தால் ஓடைக்குள்ளேயே பாதி வேலை பார்த்துவிடலாம். பட்டை முறிந்தால் ராஜபாளையம் பட்டறையில் ஒரு பட்டை அடித்துப் போட்டுக்கொள்ளலாம். புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தால்தான் என்ன கோளாறு என்று தெரியும் என்ற பேச்சு இதில் கிடையாது. விவசாயிக்கு நம்பகம் என்றால் இதுதான். மாங்காய் இறக்குகிற சமயத்தில் வண்டி நின்றால், எத்தனை நாளில் எழுந்து ஓடும்? நாளைக்கா, அடுத்த மாதமா?

இந்த வண்டியின் அமைப்பே அதற்குத் தகுந்த மாதிரி. முன்னும் பின்னும் முழு இரும்பு ஹவுசிங், நாலு மூலையிலும் பட்டை. பெரிய கியருக்குப் பக்கத்தில் சின்ன லீவர்கள். ஒன்று முன் சக்கரங்களையும் இழுவையில் சேர்க்கும். இன்னொன்றைப் போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகக் குறைந்து, இழுவை அதே அளவு கூடும். ஆள் நடக்கிற வேகத்தில், கிளட்சைத் தொடாமல், கல்லின் மேல் ஏறி இறங்கிப் போகும்.

ஆனால் இந்த லீவர்களை முறையாக உபயோகிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். சேற்றில் இறங்கிச் சக்கரம் சுற்றிக் குழி தோண்டிய பிறகுதான் போர் வீலைத் தேடுகிறார்கள். சேற்றுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். முன் சக்கரமும் பின் சக்கரமும் திருப்பத்தில் ஒரே தூரம் ஓடுவதில்லை. கெட்டியான ரோட்டில் போர் வீலோடு போனால் அந்த வித்தியாசம் முழுவதும் கியர்களை முறுக்கும், டயரைத் தின்னும். கரிசல் சேற்றில் இன்னொரு சங்கடம், வழுவழுப்பான டயரில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் உருளைக்கட்டை மாதிரி ஆகிவிடும். அப்போது எத்தனை வீல் இழுத்தும் பிரயோஜனமில்லை. ஆழமான பட்டன் உள்ள டயர் போட வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் வெயில் காயும்வரை வீட்டில் இருக்க வேண்டும்.

என் சொந்த மடத்தனம் ஒன்றையும் சொல்கிறேன். ஒரு கார்த்திகையில், தண்ணீர் முழங்காலுக்கு மேல் போகிற ஓடையைத் தாண்டித் தோப்புக்குப் போய் வந்தேன். வண்டி நன்றாக வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். தை மாதம் பின்னாலிருந்து ஊளையிடுகிற சத்தம். பட்டறையில் கழற்றிப் பார்த்தால் கிரவுன் ஆயில் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. சூடாக இருக்கிற ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அந்தச் சமயம் சீல் வழியாகவும், மேலே உள்ள காற்றுத் துவாரம் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அன்று வந்ததும் ஆயிலை வடித்து மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். கிரவுனும் பேரிங்கும் புதிதாகப் போட்டேன். "வண்டி உங்களை ஏமாற்றவில்லை முதலாளி, நீங்கள்தான் வண்டியை ஏமாற்றிவிட்டீர்கள்" என்றார் மேஸ்திரி. பணத்தையும் கொடுத்துவிட்டு அதையும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஓடை தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போவதும் அவசியம். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது.

ஆட்சேபணைகள்

நண்பரின் மகன் பட்டணத்தில் வேலை பார்க்கிறவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய ஜீப் புகை கக்குகிறது. பெல்ட் கிடையாது, பிரேக் இந்தக் காலத்து வேகத்துக்குப் போதாது. குட்டையான வண்டி, சரிவில் குறுக்கே போனால் கவிழும். கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி அவ்வப்போது வருகிறது. ஏழெட்டுப் பேர் ஏறுகிற வண்டியில் பதினைந்து பேரை ஏற்றினால் எந்தக் கம்பெனி வண்டியும் தாங்காது. ஆகவே பழைய ஜீப்பில் குடும்பத்தோடு மதுரை போகிற வேலை வேண்டாம். தோப்புக்கும் வயலுக்கும் அதை வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து தோப்புவரை நல்ல ரோடு உள்ளவர்களுக்கு ஜீப்பே தேவையில்லை. பிக்-அப் வண்டி ஒன்று போதும், மாங்காயும் அதிகம் ஏறும்.

பிறகு செலவு. 15 வருஷம் கடந்த சொந்த உபயோகக் காருக்கும் ஜீப்புக்கும் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆயிற்று. 2025ல், 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 10,000 என்று ஆக்கினார்கள். பசுமை வரி தனி. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதானே என்று சொல்லலாம். ஆனால் இதில் உள்ள கொள்கைதான் எனக்குப் பிடிபடவில்லை. புகைதான் குற்றம் என்றால் புகையைச் சோதிக்கட்டும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் பதிவைத் தராமல் திருப்பி அனுப்பட்டும். நண்பரின் ஜீப் வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பட்டணத்தில் அந்தத் தூரத்தை ஒரே மாதத்தில் ஓடிவிடுகிற புது வண்டிகள் இருக்கின்றன. வயதை மட்டும் பார்த்து அபராதம் மாதிரி வாங்கினால், நன்றாகப் பராமரிக்கிறவனுக்கும் போட்டு மிதிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாமே என்றால், என்ன வாங்குவது? 2010ல் வந்த தார் ஓரளவு பழைய ஜீப்பின் குணத்தோடு இருந்தது. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தார், ஆரம்ப விலையே 9 லட்சத்து 80 ஆயிரம். நல்ல வண்டிதான், ஓட்டிப் பார்த்திருக்கிறேன், பஞ்சு மெத்தை மாதிரி இருக்கிறது. ஆனால் அது மூணாறு பார்க்கப் போகிறவர்களை நினைத்துச் செய்தது. வேப்பம்புண்ணாக்கு மூட்டையையும் மருந்து டிரம்மையும் அந்த வண்டிக்குள் போட யாருக்கு மனம் வரும்? ஜீப் என்ற பேரோ இப்போது வேறு கம்பெனிக்குச் சொந்தம். அந்தப் பேரில் 2017 முதல் பூனா பக்கத்தில் செய்கிற வண்டிகள் நம் கணக்கிலேயே வராது.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், 2018ல் மஹிந்திரா கம்பெனியார் அமெரிக்காவில் 'ராக்ஸர்' என்று ஒரு வண்டியை இறக்கினார்கள். பழைய ஜீப்பின் உருவம், இரண்டரை லிட்டர் டீசல் இஞ்சின், பட்டை ஸ்பிரிங், கியர், போர் வீல். ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத, பண்ணைக்கும் காட்டுக்கும் என்றே செய்த வண்டி. ஜீப்பின் இன்றைய சொந்தக்காரர்கள், முகத்தைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள்; 2020ல் முகத்தை மாற்றிக்கொண்டார்கள். வழக்கு எப்படியோ போகட்டும். பாகங்களை இந்தியாவில் செய்து கப்பலேற்றி, மிச்சிகனில் பூட்டி, அமெரிக்கப் பண்ணையாருக்கு விற்கத் தெரிந்தது. சோழபுரத்து விவசாயிக்கு அதை விற்கத் தோன்றவில்லை. இங்கே வாங்க ஆளில்லை என்று கணக்குப் போட்டிருக்கலாம். கண்ணாடி ஏற்ற மோட்டாரும் பாட்டுப் பெட்டியும் இல்லாத, தோப்பு வேலைக்கான போர் வீல் வண்டியை டிராக்டர் மாதிரி பாங்குக் கடனுக்குக் கொண்டுவந்து பார்க்கட்டும். மேற்கு மலையடிவாரம் முழுக்க, செங்கோட்டையிலிருந்து கம்பம் வரை, வாங்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று அப்போது தெரியும்.

அதுவரை கையில் இருக்கிற பழைய ஜீப்பை இரும்பு விலைக்கு விடக்கூடாது. நண்பரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். முதலில் பட்டறையில் விட்டுச் சேஸில் துரு எவ்வளவு என்று தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். சேஸ் இற்றுப்போயிருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம், அதற்கு மருந்து இல்லை. சேஸ் கெட்டி என்றால் மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை.

போன வெள்ளிக்கிழமை பட்டறையில் பார்த்தேன். சேஸ் நன்றாக இருந்தது. பிரேக் லைனிங், இரண்டு ஹோஸ், முன் சக்கரத்தில் ஒரு பேரிங், ஆயில் சீல்கள், பின்னால் ஒரு பட்டை என்று மேஸ்திரி துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். போர் வீல் லீவர்தான் இறுகிக்கொண்டு அசையவில்லை. தகப்பனார் போனபிறகு யாரும் அதைத் தொடவே இல்லையாம். எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் தட்டினார்கள், விழுந்துவிட்டது. மாங்காய் இறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.